கடை வாசலில் நின்ற மார்கழி

"போ" என்று யாரும் சொல்லவில்லை. "உள்ளே வா" என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படி இருக்கும்போது ஒருத்தி வேலையில் இருக்கிறாளா, இல்லையா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறதாம். அதை எனக்குப் புரியும்படி சொல்லியும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் என் குழப்பம் ஜாஸ்தியானது.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த மார்கழி மாதம். திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு ஜவுளிக்கடையில் நான் பில் போடும் வேலை பார்த்து வந்தேன். பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் சேர்ந்துவிட்டேன். என் கணவர் உர கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் பிடிப்பவர். செங்கம், போளூர், தண்டராம்பட்டு என்று சுற்றுவார். மழை பெய்தால் அவருக்கு வருமானம், இல்லாவிட்டால் இல்லை. அதனால் என் வேலை எங்களுக்கு முக்கியம். அதைவிட, எனக்கு அந்த வேலை பிடிக்கும். மாடியில் ஜன்னல் ஓரம் என் இடம். நாற்காலியில் நானே தைத்த ஒரு மெத்தை போட்டிருப்பேன்.

முதலாளி நல்லவர். இதை இப்போதும் சொல்வேன். என் வளைகாப்புக்கு மனைவியோடு வீட்டுக்கு வந்து, மனைவி கையால் வளையல் அடுக்க வைத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

ஆனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் கழித்து புரட்டாசியில் கடைக்குப் போனேன். குழந்தை எப்படி இருக்கிறாள், பால் போதுகிறதா என்றெல்லாம் முதலாளியின் மனைவி விசாரித்தார். தீபாவளிக் கூட்டத்தில் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு நீ ஏன் கஷ்டப்பட வேண்டும், தீபாவளி முடிந்ததும் வா என்றார் முதலாளி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீபாவளி முடிந்து போனேன். இதோ தீபம் வருகிறது, ஊரே திணறும், தீபம் முடியட்டும் என்றார். தீபமும் முடிந்தது. மலை மேல் எரிந்த தீபம் அணைந்த பிறகு போனேன். பொங்கல் முடியட்டும் என்றார்.

அந்த மூன்றாவது முறை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். என் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கக்கா" என்றாள். என் மெத்தை அவளுக்குக் கீழேதான் இருந்தது. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. முதலாளி பொய் சொல்கிறவர் இல்லையே, பொங்கல் முடிந்ததும் கூப்பிடுவாரோ? நான்தான் நன்றி கெட்டுப் போய்ச் சந்தேகப்படுகிறேனோ? வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். நான் வெளியே போகும்போது குழந்தையை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவரிடம் சொன்னேன். அவர் குழந்தையின் வாயைத் துடைத்தபடியே, "பொங்கல் முடிஞ்சா மாசி மகம் வரும், அது முடிஞ்சா பங்குனி உத்திரம். நம்ம ஊர்ல பண்டிகைக்கா கண்ணு பஞ்சம்?" என்றார்.

அந்த அக்காதான் வக்கீலைப் பற்றிச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறாராம். வேலை சம்பந்தமான வழக்குகளை மட்டும்தான் பார்ப்பாராம். இந்த ஊரில் அதற்கு அவரை விட்டால் ஆளில்லை, வேலூருக்குத்தான் போக வேண்டும் என்றார். என் கணவருக்கு இதில் இஷ்டமே இல்லை. "வளைகாப்புக்கு வந்து சாப்பிட்டவங்க மேல கேஸ் போடுவியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது. கடைசியில் டி.வி.எஸ். ஃபிப்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. சந்து முனையிலேயே நின்றுகொண்டார்.

வக்கீல் அலுவலகம் மாடியில். எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். ஒரு பக்கம் அரிசி ஆலை முதலாளி என்று பார்த்தாலே தெரிகிற ஒருவர். எதிரில் லாட்ஜ் சீருடையோடு இரண்டு பேர். ஒரே செய்தித்தாளைப் பிரித்துப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வினோதமாக இருந்தது.

வக்கீலுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் தீபாவளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன்னை வேலையை விட்டு எடுத்துட்டோம்னு யாராவது வாயால சொன்னாங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நீ வேலையிலதான் இருக்கே. நாளைக்கு வேலைக்குப் போ."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பிரசவத்துக்குப் போன பெண்ணை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் யாரும் எடுக்க மாட்டார்கள். பண்டிகை பண்டிகையாகத் தள்ளிப் போடுவார்கள். நாமும் வீட்டிலேயே இருந்துவிடுவோம். பிறகு கேட்டால், அந்தப் பெண் தானாகவே நின்றுவிட்டாள் என்பார்கள். அப்படிச் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டுமானால் ஒரே வழி, தினமும் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே விட்டால் வேலை பார்க்கலாம். விடாவிட்டால் வியாபாரம் சூடு பிடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம். நோட்டீஸ் அனுப்புவது பிறகு; காகிதம் போனால் சண்டை ஆரம்பித்துவிடும் என்றார்.

எப்படி நிற்க வேண்டும் என்றும் சொன்னார். அழக்கூடாது. வாக்குவாதம் கூடாது. உட்காரவே கூடாது. வழக்கமாக வேலைக்கு உடுத்துகிற புடவைதான். "டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போ. வேலைக்கு வந்தவள்னு நீ வாயைத் திறந்து சொல்ல வேணாம். அது சொல்லும்" என்றார். எழுந்து வரும்போது, தான் முதலாளிகளுக்கும் ஆலோசனை சொல்கிறவன்தான், ஆனால் எங்கள் கடை இதுவரைக்கும் தன்னிடம் வந்ததில்லை என்றார். அதை எதற்குச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் காலை குழந்தைக்குப் பால் கொடுத்து, அக்காவிடம் விட்டுவிட்டு, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தோடு போய் நின்றேன். மார்கழிக் குளிர். சிவப்பு உடுத்திய பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷட்டர் ஏறியது. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் பார்க்காதது போலப் போனார்கள். மேனேஜர் மட்டும் நின்றார்.

"கடை முன்னாடி ஒரு பொம்மை வைக்கணும்னு முதலாளி ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாரு. நீயே வந்துட்டியா?"

வக்கீல் சொன்னதுபோல நின்றேன். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடை மேற்குப் பார்த்தது. வாசலில் நின்றால் கோபுரமும் பின்னால் மலையும் தெரியும். தினமும் கடை திறந்ததும் முதலாளி சாமி படத்துக்கும் கல்லாவுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டோடு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்து ஒருமுறை காட்டுவார். பிறகு வேலைக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அவரே தட்டை நீட்டுவார். நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போவோம். அவர் கையால் வாங்கிய பிறகுதான் எங்களுக்கு அன்றைய நாள் ஆரம்பிக்கும்.

அன்று அவர் தட்டோடு வாசலுக்கு வந்தார். அவருக்கும் மலைக்கும் நடுவில் நான் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு நொடி தயங்கினார். எரிகிற கற்பூரத்தை வாசலில் நிற்கிற பெண்ணிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. மலைக்குக் காட்டிவிட்டு, என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் தொட்டுக் கும்பிட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

தினமும் இப்படியே நடந்தது. வார்த்தை கிடையாது, தட்டு மட்டும் வரும். நேரம் ஆக ஆக எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கும். இந்நேரம் குழந்தை அழுகிறாளோ, புட்டிப் பாலைக் குடித்தாளோ என்று நினைத்தாலே ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பேன். ஒரு பௌர்ணமி அன்று, கிரிவலம் வந்தவர்களுக்குப் பொங்கல் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்த ஓர் அம்மா, என் கையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பிரசாதம் அல்லவா? ஆனால் பிச்சைக்கு நிற்பவள் என்று நினைத்துக் கொடுத்தாரோ என்று நாள் முழுக்க வருத்தமாக இருந்தது. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை வக்கீலிடம் போனபோது, மேனேஜர் பேசியது, மற்றவர்கள் பார்த்தது எல்லாம் சொன்னேன். தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. முதலாளி நல்லவர் என்பதற்காகத்தான், "தினமும் கற்பூரம் மட்டும் நீட்டுறாரு சார்" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு? அவர் கையாலயா?"

"ஆமா சார். வேலைக்கு வர்றவங்களுக்கு நீட்டுவாரு. எனக்கும் நீட்டுறாரு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் தினமும் வேலைக்கு வந்தது முதலாளிக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். நாளையிலிருந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடும்போது, வேலைக்கு வந்திருக்கிறேன் ஐயா என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமிக்குக் காட்டின கற்பூரத்தைப் போய் சாட்சிக்கு இழுக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"சாமியை இழுக்கலம்மா. நீட்டின கையைத்தான் சொல்றேன்" என்றார்.

அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அந்த மனிதர் என்னை உள்ளே விடாவிட்டாலும் கற்பூரத்தை மறுக்கவில்லை. அந்த ஒரு நல்ல குணத்தையே பிடித்து அவரை மடக்கச் சொல்கிறாரே வக்கீல். அது தர்மமா? ஆனால் நல்ல குணம் உள்ளவர் என் நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைக்கலாமா? கணவரிடம் கேட்டேன். பாவம், வேண்டாம் என்றார். அக்காவிடம் கேட்டேன். சொன்னால் என்ன பாவம், உண்மையைத்தானே சொல்கிறாய் என்றார். நான் இரண்டு பேரிடமும் சரி என்றேன். காலையில் வாசலில் போய் நிற்கும் வரை, சொல்லப் போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

ஆனால் அன்று தட்டு வரவில்லை.

உள்ளே மணிச் சத்தம் கேட்டது. கற்பூர வாசனை வந்தது. அண்ணாந்து பார்த்தேன். முதலாளி மாடியில், என் பில் மேஜை ஜன்னலில் நின்று மலைக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். காட்டிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் மாடியில் நின்று காட்டி நான் பார்த்ததே இல்லை.

வக்கீலிடம் சொன்ன மறுநாளே எப்படி? அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். படி ஏறப் போகும்போது மேலேயிருந்து எங்கள் கடை மேனேஜர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "உன் பொண்ணா? உன்னை மாதிரியே நெத்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். குழந்தை சிணுங்கியதால் படியிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டு வக்கீலே எட்டிப் பார்த்து, மேலே வரச் சொன்னார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"உங்க கடை ஆளுங்க நேத்தும் வந்தாங்க, இன்னைக்கும் வந்தாங்க. அந்தப் பொண்ணு எங்கிட்ட முன்னாடியே வந்துடுச்சு, உங்களுக்கு நான் பார்க்க முடியாதுன்னு அனுப்பிட்டேன். யார் முதல்ல படி ஏறுறாங்களோ அவங்கதான் என் கட்சி. ஒண்ணு மட்டும் சொன்னேன், வாசல்ல நிக்கிறவங்களை உள்ள கூப்பிட்டுப் பேசுங்கன்னு."

"இன்னைக்கு எனக்குத் தட்டு நீட்டல சார்" என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர், "தட்டைப் பத்தி நீ வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

சொல்லியிருந்தேனே. கணவரிடமும் அக்காவிடமும் சொல்லியிருந்தேன். அக்கா தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அல்லது நான் வக்கீலிடம் போய்விட்டேன் என்று தெரிந்ததுமே முதலாளிக்கு மனம் வெறுத்துப் போயிருக்கலாம். அல்லது வக்கீலே சொல்லியிருக்கலாம். மூன்றில் எது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, காபி வரவழைத்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் எப்பம்மா உன்னை வேணாம்னேன்? கொழந்தை சின்னதுன்னுதானே பொறுமையா வான்னேன். ஒரு வார்த்தை, எனக்கு இன்னைக்கே வேலை வேணும்யானு எங்கிட்ட கேட்டியா? வக்கீல் வீட்டுப் படி ஏறத் தெரிஞ்ச உனக்கு, இந்தப் பத்தடி உள்ள வந்து கேட்கத் தெரியலையே."

யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது நிஜம். நான் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று மூன்று பண்டிகைக்கும் தலையாட்டியவள் நான்தான். அவர் உண்மையிலேயே எனக்காகத்தான் தள்ளிப் போட்டாரா? அப்படியானால் புதிய பெண்ணை எதற்குச் சேர்த்தார்? கூட்ட நாளில் ஆள் வேண்டாமா என்றால், வேண்டும்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதி வழியில் எதிர்ப்பக்கம் சரி என்று தோன்றிவிடுகிறது.

அன்றே மாடிக்குப் போய் வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். மேலே அந்தப் பெண் மெத்தையைத் தட்டி, நாற்காலியில் சரியாகப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். மேனேஜர் அவளிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "இப்ப வியாபாரம் கம்மிதாம்மா. பங்குனி உத்திரம் முடியட்டும், சொல்லி அனுப்புறேன்" என்றது என் காதில் நன்றாக விழுந்தது. அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னிடமும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் பில் புத்தகத்தைத் திறந்தேன்.

சில வாரங்கள் கழித்து வக்கீல் வரச் சொல்லி அனுப்பினார். எங்கள் கடை அவரைத் தங்கள் ஆலோசகராக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறதாம். உன் விஷயம் முடிந்துவிட்டது, இருந்தாலும் உன்னிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன், உனக்கு ஆட்சேபணை இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். என்னிடம் போய் ஒருவர் அனுமதி கேட்கிறாரே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. "எனக்கென்ன சார், தாராளமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் வந்த பிறகு கடையில் நல்ல மாற்றங்கள் வந்தன. நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு ஸ்டூல் போட்டார்கள். வார விடுமுறை யாருக்கு எப்போது என்று எழுதி ஒட்டினார்கள். அடுத்து பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, எப்போது திரும்பி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எல்லோரும் என்னால்தான் என்றார்கள். முதலாளி என்னிடம் எப்போதும்போல் பேசுகிறார். ஆனால் கற்பூரத் தட்டை இப்போது யாரிடமும் நீட்டுவதில்லை. மலைக்குக் காட்டிவிட்டு ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நாங்களே போய்த் தொட்டுக்கொள்கிறோம். அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இதை எல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம், என் இடத்தில் பில் போட்ட அந்தப் பெண் என்னைத் தேடி வேங்கிக்காலுக்கு வந்தாள். கைநிறையக் கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தாள். பங்குனி உத்திரம் முடிந்து கடைக்குப் போனாளாம். சித்திரை பிறக்கட்டும் என்றார்களாம். சித்திரையும் பிறந்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். அவள் சம்பாத்தியம்தான்.

என் குழந்தை அவள் தாவணியைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அவள் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே, "உங்க சீட்டுன்னு தெரிஞ்சிருந்தா நான் உக்காந்தே இருக்க மாட்டேன்க்கா. லீவுல போனவங்க வர மாட்டாங்கன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க எந்த வக்கீல்கிட்ட போனீங்கக்கா?" என்று கேட்டாள்.

அந்த வக்கீல் இப்போது கடைக்கு ஆலோசகர். நான்தானே தாராளமாக இருங்கள் என்று சொன்னேன்? அவளை அங்கே அனுப்பினால் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வா என்று அவளை அனுப்பிவிட்டேன்.

மனது கேட்காமல் மறுநாள் வக்கீலிடமே போனேன். அந்தப் பெண்ணுக்கு உரிமை ஏதாவது இருக்கிறதா, கொஞ்ச காலம்தானே வேலை பார்த்தாள் என்று கேட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதை நீ எங்கிட்ட கேட்கக் கூடாதும்மா. நானும் சொல்லக் கூடாது."

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தார். நான் எழுந்து படி வரைக்கும் வந்த பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து, "வேலூர்ல நல்ல வக்கீலுங்க இருக்காங்க. அது ஊரறிஞ்ச விஷயம், நான் சொன்னதா இருக்க வேணாம். வாசல்ல போய் நிக்கறதுக்கு வக்கீலே தேவையில்ல. வழி தெரிஞ்சவங்க யார் சொன்னாலும் அது வழிதான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்தவருடைய வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அது எனக்குச் சொன்ன புத்திமதியா, கடைக்குத் தெரியாமல் அவளுக்குச் செய்த உதவியா, அல்லது என்னைத் தட்டிக் கழிக்கச் சொன்ன வார்த்தையா? என் கணவரிடம் சொன்னேன். அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்து, அவள் வாசலில் வந்து நின்றால், சொல்லிக் கொடுத்தது நீதான் என்று முதலாளிக்குத் தெரியாதா என்கிறார். அதுவும் அவள் நிற்கப் போவது நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்காக. இருப்பது ஒரு பில் மேஜை. அவள் உள்ளே வந்தால் நான் எங்கே போவேன்? சொல்லாவிட்டால், நான் உள்ளே வந்த கதவை எனக்குப் பின்னால் நானே சாத்திக்கொண்டது போல இருக்கிறது. குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். அவள் தூங்கிவிடுகிறாள், எனக்குத் தெளிவு வருவதில்லை.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததை ஜெயித்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் அந்த வார்த்தையைச் சொல்ல வரவில்லை. ஒருவர் பக்கம் நியாயம் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. வாசகர்களே, உங்களில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் இருப்பீர்கள், கடை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள், சட்டம் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். இது அச்சில் வருவதற்குள் அந்தப் பெண் ஒருமுறை வந்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைக்கும் வரை அவள் மறுபடியும் வருவாள். அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.